அன்பும் தேர்வும்: ஏல்ரெட்டின் 'ஆன்மிக நட்பு'

கிறித்தவ அறவியலுள் நட்பு எளிதில் இடம்பெற்ற பொருளன்று. பகைவரையும் நேசிக்கப் பணிக்கும் சமயத்தில், ஒருவரைத் தேர்ந்து அவரிடம் மட்டும் நெருங்குவது பாரபட்சமாகாதா என்னும் ஐயம் அதனூடே இருந்துவந்துள்ளது. அகுஸ்தீனார் தம் தன்வரலாற்று நூலின் நான்காம் பகுதியில், இளமையில் இழந்த நண்பருக்காக அழுததை நினைவுகூர்ந்து, இறக்கும் மனிதரை இறவாதவர்போல் நேசித்ததே தம் பிழை எனக் கண்டார். துறவு மடத்தில் இவ்வையம் இன்னும் கூர்மையடைகிறது. அங்கு அனைவரும் உடன்பிறப்பினர் ஆதலின், இருவரது நெருக்கம் பிறரை விலக்குவதாகத் தோன்றும்.

வட இங்கிலாந்தின் ரீவோ மடத்தில் 1147 முதல் தலைவராக விளங்கிய ஏல்ரெட் (1110–1167), இச்சிக்கலை நேர்நின்று ஆராய்ந்தவர். இலத்தீனில் அமைந்த அவரது 'ஆன்மிக நட்பு' மூன்று பகுதிகளாலான உரையாடல் நூல். இளமையில் சிசரோவின் நட்பு நூலில் தோய்ந்த அவர், துறவு பூண்டபின் அந்நூலில் திருமறையின் சுவை இல்லாமை கண்டு இதனை எழுதத் துணிந்ததாக முகவுரையில் கூறுகிறார். சிசரோவின் இலக்கணத்தை அவர் தள்ளிவிடவில்லை. அதனை ஏற்று, நட்பின் தொடக்கமும் முடிவும் கிறித்துவே எனப் பொருளை மாற்றுகிறார்.

நூலின் உயிர்நாடி, அன்பையும் நட்பையும் அவர் பிரித்தறியும் இடம். அன்பு எல்லார்க்கும் கடமை. அது பகைவரையும் அணைக்கும். நட்போ மனத்தை அச்சமின்றி ஒப்படைக்கத்தக்கவரிடம் மட்டும் நிகழ்வது. வீழ்ச்சிக்கு முன் இவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. மனிதரிடம் பேராசையும் பொறாமையும் புகுந்த பின்னரே பிரிந்தன என்பது அவரது விளக்கம். இதன்படி, தேர்ந்து நட்பது அன்பின் குறைபாடன்று. குறைபட்ட உலகில் அன்பு காக்கும் எச்சரிக்கை. 'இறைவன் நட்பே' எனலாமா என்று உரையாடலில் வினா எழும்போது, திருமறையில் அவ்வாறு இல்லை எனத் தயங்கும் ஏல்ரெட், நட்பில் நிலைத்திருப்பவர் இறைவனில் நிலைத்திருக்கிறார் என்பதை மட்டும் ஒப்புகிறார். இத்தயக்கம் அவரது நேர்மைக்குச் சான்று.

மூன்றாம் பகுதியில் தேர்தல், சோதித்தல், ஏற்றல், இசைந்து வாழ்தல் என நான்கு படிகள் கூறப்படுகின்றன. குறளின் நட்பாராய்தல் அதிகாரத்தை அறிந்தவர்க்கு முதலிரு படிகள் புதியன அல்ல. இவற்றிடையே வரலாற்றுத் தொடர்பு தேடுதல் வீண். எனினும் ஆராய்ந்து கொண்டபின் பொறுத்தல் என்னும் முறைமையில் இரண்டும் ஒத்துச் செல்கின்றன. கடுஞ்சினத்தாரை நண்பராகக் கொள்ளலாகாது எனக் கூறும் ஏல்ரெட்டிடம், அத்தகைய ஒருவரோடு அவரே நட்புப் பேணுவதை மாணவர் சுட்டுகின்றனர். ஒருமுறை ஏற்றுக்கொண்டவரைத் தம்மால் நேசிக்காதிருக்க இயலாது என்பதே அவர் தரும் விடை. விதியைத் தந்தவரே விதிக்கு வெளியே நிற்கும் இவ்விடம், நூலின் பட்டியல்களைவிட ஆழமானது.

பதவியையும் நட்பையும் அவர் வேறுபடுத்தும் பகுதியும் குறிக்கத்தக்கது. கிறித்து திறவுகோல்களைப் பேதுருவுக்குத் தந்தார். நெஞ்சின் மறைபொருளை யோவானுக்கு வெளிப்படுத்தினார். பொறுப்பு அளிக்கப்படாவிடின் தாம் நேசிக்கப்படவில்லை எனக் கருதுவோரை நோக்கி இதனைச் சொல்பவர் ஒரு மடத்தலைவர் என்பதை நினைத்தால், இவ்விளக்கத்தின் பின்னுள்ள அன்றாட நெருக்கடி புலனாகும்.

நூலுக்குக் குறையும் உண்டு. ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் தோன்றியதை எடுத்துக்காட்டி, நட்பில் மேலோர் கீழோர் இல்லை என ஏல்ரெட் நிறுவுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இது வியப்புக்குரிய வாதம். ஆயினும் அவரோடு உரையாடும் ஈவோ, வால்ட்டர், கிரேஷியன் மூவரும் துறவியரே. பெண்குரல் ஒன்றும் நூலுள் இல்லை. தம் சகோதரிக்காகத் தனித்துறை வாழ்வின் ஒழுங்குமுறையைத் தனி நூலாக எழுதித் தந்தவர், நட்பின் உரையாடலுக்குள் பெண்ணை அழைக்கவில்லை. சமத்துவத்திற்குச் சான்றாகப் பெண்ணைக் காட்டியவர், அச்சமத்துவத்தில் அவளுக்குரிய பங்கை எழுதாமல் விட்டார். முதற்பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையே ஈவோ இறந்துவிடுகிறார். அவரோடு தொடங்கிய பேச்சு நின்றுவிடவில்லை. முன்பு அதைக் கேட்டிராத வால்ட்டர் எழுத்துவழி அறிந்து வந்து தொடர்கிறார்.