பழந்தமிழில் முதுமகளிர்ப் பெயர்கள்: பொருள் வேறுபாடும் மொழிபெயர்ப்பும்

கிழவி, பாட்டி, மூதாட்டி, முதியோள், முதுமகள் ஆகிய சொற்கள் இன்று ஒருபொருட் பன்மொழியாகவே கொள்ளப்படுகின்றன. ஒரு பொருளின்கீழ்ப் பல பெயர்களைத் தொகுத்துக் கூறும் நிகண்டு மரபும் இப்போக்கிற்குத் துணைநிற்கிறது. பழம்பாடல்களைப் பெயர்ப்போர் இவை அனைத்திற்கும் 'வயது முதிர்ந்த பெண்' என்னும் பொருளில் ஒரே நிகரனைத் தருவராயின், மூலத்தில் இல்லாத முதுமை பாடலுக்குள் புகும். மூலத்தில் உள்ள முதுமையின் தகுதியோ விடுபட்டுப்போகும்.

முதற்கண் பொருள் மாறிய சொற்களைக் கருதலாம். தொல்காப்பியக் கற்பியலில் 'கிழவி' என்பது தலைவியின் பெயர். கிழமை என்பது உரிமை. கிழவன், கிழவோள், கிழத்தி என்பனவும் உரிமையுடையோரைச் சுட்டுவன. 'நிலக்கிழார்' என்னும் வழக்கில் இப்பொருள் இன்றும் எஞ்சியுள்ளது. உடைமைக்கு உரியோர் குடும்பத்தின் மூத்தோராயிருத்தல் இயல்பாதலின், உரிமைப் பொருள் மூப்புப் பொருளாக நகர்ந்திருத்தல் கூடும். இன்றோ ஒருவரை நேரில் 'கிழவி' என விளித்தல் இழிவாகக் கருதப்படுகிறது. 'பாட்டி' என்பதும் இத்தகையதே. மதுரைக்காஞ்சியில் பாணரொடு வரவேற்கப்பெறும் பாட்டியர் பாண்மகளிர் ஆவர். தொல்காப்பிய மரபியலோ பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்பாற் பெயராக இச்சொல்லைக் கூறுகிறது. இவ்விரு ஆட்சிகளிலும் மூப்பும் இல்லை. பெற்றோரின் தாய் என்னும் உறவும் இல்லை.

இரண்டாவதாக, 'முது' என்னும் அடை எதனைத் தழுவுகிறது என்பது நோக்கத்தக்கது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூறு 279ஆம் பாடலில் 'மூதில் மகளிர்' என்னும் தொடர் வருகிறது. இங்கு முதுமை இல்லத்திற்கு உரியது, மகளிர்க்கு உரியதன்று. மூதில் என்பது தொன்றுதொட்டு வரும் மறக்குடி. பாடலின் துறைப்பெயரான மூதின்முல்லையும் இதனை உறுதிசெய்கிறது. முந்தைய நாளில் கணவனைப் போரில் இழந்த அப்பெண், மறுநாள் பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அவளுக்கு நரையோ தளர்ச்சியோ கூறப்படவில்லை. சிறுவனின் தாயாகிய அவள் இளம்பருவத்தினள் எனக் கொள்வதே பொருந்தும். அவளை முதியவளாக்கும் மொழிபெயர்ப்பு, வாழ்நாளின் பெரும்பகுதி எஞ்சியிருக்கும் ஒருத்தி அனைத்தையும் இழக்கத் துணிகிறாள் என்னும் அவலத்தையே இழந்துவிடும்.

இதற்கு அருகிலுள்ள பாடல்கள் ஒப்பிடத்தக்கன. 277ஆம் பாடல் முதியோளின் வெண்கூந்தலைக் கொக்கின் இறகோடு உவமிக்கிறது. 278ஆம் பாடல் நரம்பு புடைத்து வற்றிய தோளைக் காட்டுகிறது. புலவர் மூப்பைக் கருதிய இடத்தில் உடலடையாளத்தையும் தந்துள்ளனர். மொழிபெயர்ப்பாளர்க்கு இது பயனுள்ள அளவுகோலாகும்.

மூன்றாவதாக, மெய்யாகவே மூப்பை உணர்த்தும் சொற்களும் வயதை மட்டும் உணர்த்துவனவல்ல. முல்லைப்பாட்டில் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லை மலரும் தூவி விரிச்சி கேட்போர் 'பெருமுது பெண்டிர்'. நற்சொல் கேட்டு அதன் பொருளைத் தலைவிக்கு எடுத்துரைக்கும் தகுதி அவர்க்கு உண்டு. நற்றிணை 110ஆம் பாடலின் 'செம்முது செவிலியர்' என்பதிலும், புறநானூறு 276ஆம் பாடலின் 'செம்முது பெண்டு' என்பதிலும் 'செம்மை' என்னும் அடை முதுமையைப் பண்பாக உயர்த்துகிறது. சிலப்பதிகாரத்தில் மாதரி 'ஆயர் முதுமகள்' எனப்படுகிறாள். கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைப்பது இவளிடமே. இங்கு முதுமகள் என்பது நம்பத்தக்க மூத்தோள் என்னும் நிலையைக் குறிக்கிறது.

வயதுநிலைப் பெயர்வரிசை தமிழில் தனியே உள்ளது. பேதை முதலாகத் தொடங்கும் ஏழு பருவப் பெயர்கள், 32 முதல் 40 வயது வரை எனப்படும் பேரிளம்பெண்ணோடு முடிகின்றன. அதற்குமேல் பருவப்பெயர் இல்லை. இறுதிப் பெயரிலும் 'இளமை' நீங்கவில்லை. எனவே, முதுமகளிர்ப் பெயர்களைப் பருவவரிசையின் தொடர்ச்சியாகக் கொள்ளாமல், உரிமை, குடி, தகுதி ஆகியவற்றைச் சுட்டும் பெயர்களோடு சேர்த்து ஆராய்வதே முறையாகும்.

இன்றைய நாளிதழ் வழக்கில் 'மூதாட்டி' மதிப்புச் சொல்லாக நிற்க, 'கிழவி' தாழ்ந்துவிட்டது. இவ்வேறுபாட்டைப் பழம்பாடலுக்குப் பின்னோக்கி ஏற்றுதல் தவறு. பெயர்ப்போர் நிகரனைத் தெரிவுசெய்யுமுன் மூன்றனைத் தெளிதல் வேண்டும்: சொல் அக்காலத்தில் மூப்பைக் குறித்ததா? 'முது' என்னும் அடை யாரை அல்லது எதனைத் தழுவுகிறது? அம்முதுமை அப்பெண்ணுக்கு எத்தகுதியைத் தருகிறது? அகராதிகளும் இம்மூன்றனையும் பதிவுகள்தோறும் பிரித்துக் காட்டுதல் இன்றியமையாததாகும்.