பாணன் நடந்த வழி

நடை என்ற தமிழ்ச் சொல் காலுக்கும் உண்டு, உரைக்கும் உண்டு, தாளத்துக்கும் உண்டு. மைதானத்தில் ஓடுகிறவனையும் மேடையில் பாடுகிறவனையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்கும் வழக்கமுடைய இந்தப் பத்தி, அம்மூன்று நடையும் ஒன்றாகக் கூடுகிற ஓர் ஆட்டத்தை இன்று எடுத்துக்கொள்கிறது. பெயர்பெற்ற சங்கீத வித்வான் ஒருவர் வாழ்ந்த நகரத்தில் ரசிகர்கள் சிலரைப் பின்னே நடத்திக்கொண்டு, அவர் பிறந்த வீடு இது, பயின்ற இடம் இது, முதல் கச்சேரி செய்த மண்டபம் இது என்று சொல்லியவாறே முன்னே போகும் வழிகாட்டியின் ஆட்டந்தான் அது. கேட்போரின் கால் சலிக்கும் முன்பே காது சலித்துவிடாமல் காக்கவேண்டிய அந்த வித்தை, தனி ஆவர்த்தனத்துக்கு எவ்விதத்திலும் இளைத்ததன்று.

இவ்வகை நடைக்கு உலகத்தில் பேர்போன ஆடுகளங்கள் உண்டு. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்தில் மோட்சார்ட் 1756ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் தேதி பிறந்த வீட்டின் இலக்கம் 9 என்பதை அங்கே போகிறவர் அனைவரும் அறிவர். 1880 முதல் அது காட்சிசாலையாக இருந்து வருகிறது. லிவர்பூலில் பீட்டில்ஸ் குழுவினர் பாடிய நிலவறை மன்றத்தையும் அவர்கள் வளர்ந்த வீடுகளையும் காண ஜனங்கள் திரள்கிறார்கள். நம் சென்னையிலும், வீணை தனம்மாள் வாழ்ந்த ஜார்ஜ் டவுனை இசையன்பர்கள் சிரத்தையோடு சுற்றி வருவதுண்டு. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆயினும் சால்ஸ்பர்க்கின் வீதியில் நிற்கிறவர் மனத்தில் ஒரு சங்கடம் எழாமற்போகாது. எந்த மகானுடைய பெயரால் இன்று அந்த ஊர் செழிக்கிறதோ, அந்த மகான் தக்க உத்தியோகம் தேடி 1777இல் தாயாரோடு மான்ஹைமுக்கும் பாரிஸுக்கும் அலைந்து, பாரிஸில் தாயாரையும் பறிகொடுத்து, வெறுங்கையோடு திரும்பி, முடிவில் 1781இல் அவ்வூர்ப் பேராயருடைய சேவகத்தையே உதறிவிட்டு வியன்னாவுக்குப் போனவர். வழிகாட்டி நம்மைக் கொண்டு நிறுத்துவது அவர் விட்டுச் சென்ற வாசலில். அவர் தேடிய வாசல் எது என்பதை நாம் வேறெங்கோதான் விசாரிக்கவேண்டியிருக்கிறது.

அந்த வாசலைக் காட்டுவதற்கென்றே ஒரு தனி இலக்கிய வகையைத் தமிழர் படைத்து வைத்திருக்கிறார்கள். பரிசு பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனைத் தான் போய்வந்த வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டின் பத்து நூல்களில் ஐந்து இவ்வகையின. அவற்றுள் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை, சீறியாழ் ஏந்திய பாணன் ஒருவனை ஓய்மா நாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் அனுப்பி வைக்கிறது. 269 அடிகளையுடைய அந்நூல், 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது நமக்கு மீண்டும் கைக்கு வந்தது. மன்னன் இருந்த கிடங்கில் என்னும் ஊர், இன்று திண்டிவனத்தோடு ஒட்டிக் கிடக்கும் கிடங்கல். ஆகவே தமிழில் மிகப் பழைய இசைநடைகளுள் ஒன்று முடியும் இடம், சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ரயிலில் போகிற நாம் ஜன்னலைத் திறந்து தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு மறந்துபோகிற அந்த ஸ்டேஷனுக்கு அருகில்தான் இருக்கிறது.

முதலில் தூரக் கணக்கைப் பார்ப்போம். நூல் சொல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர் பலர் கொள்வர். வேலூரை உப்புவேலூர் என்றும் ஆமூரை நல்லாமூர் என்றும் அடையாளங் காண்பாரும் உண்டு. மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்கு நேர்ச்சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஊர்களைத் தொட்டுச் சுற்றினால் இன்னும் கூடும். மணிக்கு நாலு கிலோமீட்டர் வீதம் நடக்கும் திடசாலிக்கு இது ஒரு முழுப் பகல் வேலை. யாழும் மூட்டையும் சுற்றமுமாக, ஓடி இளைத்த நாயின் நாக்கைப் போல அடி கன்றிப்போன விறலியரோடு போகிறவனுக்கோ இரண்டு மூன்று நாள் பிரயாணம். இந்தச் சிரமத்தை உணர்ந்த வழிகாட்டி அதை மூன்று தங்கலாகப் பகுத்திருப்பதிலும், ஒவ்வொரு தங்கலுக்கும் நிலத்துக்கேற்ற ஆகாரம் வகுத்திருப்பதிலும் கைதேர்ந்த பயிற்சியாளரின் யோசனை தெரிகிறது. கடற்கரைப் பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட உலர்மீனும் தருவர். வியர்வையோடு உப்பையும் இழந்து வருகிறவன் உடம்பு முதலில் கேட்பது அதைத்தான். முல்லை நிலத்து வேலூரில் எயினர் வீட்டுப் பெண்கள் இனிய புளிச்சோறும் காட்டுப்பசுவின் சூட்டிறைச்சியும் இடுவர். நடுவழியின் நெடுநடைக்கு வேண்டிய வலிமை அதில் உண்டு. மருத நிலத்து ஆமூரில் உழவர் மனையில் குற்றிய வெண்ணெல்லின் சோறும் நண்டுக் கலவையும். முடிவிடம் நெருங்கிவிட்டபடியால் வயிற்றைக் குளிர்விக்கும் உணவு. நெய்தல், முல்லை, மருதம் என்று நிலம் மாறுவதை நடக்கிறவன் கண்ணால் அறியும் முன்பே நாவால் அறிந்துவிடுகிறான்.

இனி வழிகாட்டியின் ஆட்டத்தை அலசலாம். தொடக்கம் அவ்வளவு விறுவிறுப்பானதன்று என்பது என் அபிப்பிராயம். வேனிற்காட்டில் மரத்தின் கோடிட்ட நிழலில் இளைஞர் அடி வருட இளைப்பாறும் விறலியருடைய அழகை, ஓர் உவமையின் வாலே அடுத்த உவமையின் தலையாகும்படி அவன் சங்கிலி கோத்துக்கொண்டே போவது, ராக ஆலாபனையில் லயித்துப்போய்ப் பல்லவியை மறந்த பாடகரை நினைவூட்டுகிறது. சேர, சோழ, பாண்டியருடைய மூன்று தலைநகரங்களும் கிடங்கிலின் முன்னே வறியன என்பதும், கடையெழு வள்ளல் எழுவரும் தாங்கிய ஈகைப் பாரத்தை இவன் ஒருவனே தாங்குகிறான் என்பதும் அப்பட்டமான அதிசயோக்தி. ஒரு சிறு நாட்டு மன்னனுக்காக மூவேந்தரையும் ஒரே மூச்சில் தாழ்த்தும் வழிகாட்டியை எந்த நடுவரும் ஒருமுறையாவது எச்சரித்தே இருப்பார்.

ஆனால் அடுத்த அடியில் அவன் ஆட்டத்தையே மாற்றிவிடுகிறான். அரசனுடைய அரண்மனையைக் காட்டும் முன்பு தன்னுடைய அடுக்களையைத் திறந்து காட்டுகிறான். அங்கே குட்டி போட்ட நாய், கண் திறவாத குட்டிகள் வற்றிய மடியில் வாய் வைக்கப் பொறாமல் குரைக்கிறது. பசியால் ஒடுங்கிய மனையாள் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பும் இல்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவரே என்ற நாணத்தால் கதவைச் சார்த்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். அந்த தாரித்திரியத்தோடு போனவன்தான் இன்று யானையும் தேரும் பெற்று வருகிறேன் என்று அவன் சொல்லும்போது, முன்னே செய்த அதிசயோக்தி முழுவதையும் நாம் மன்னித்துவிடுகிறோம். வழிகாட்டிக்கு வேண்டிய பிரதான லட்சணம் இதுவே: தான் நடக்காத வழியை அவன் காட்டலாகாது. ஏட்டிலே படித்து ஒப்புவிப்பவனுக்கும் பசியோடு நடந்து வந்து சொல்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை, பின்னே வருகிறவனுடைய கால் உடனே தெரிந்துகொள்ளும்.

முடிவும் குறை சொல்ல இடமற்றது. பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடையாத வாயில். அவையில் பாணன் தன் யாழை மீட்டிப் பாட வேண்டிய முறை. அந்த யாழின் தண்டில் இறுகியும் நெகிழ்ந்தும் விளங்கும் வார்க்கட்டுக்குப் பாம்பைப் பிடித்த குரங்கின் கையை ஒப்பிடும் நுட்பம். வீமனுடைய மடைநூல் நெறி வழுவாமல் சமைத்த உணவைப் பொற்கலத்தில் இட்டு மன்னன் தானே நின்று உபசரிக்கும் காட்சி. கடைசியில் குதிரையின் வேகத்தையும் வெல்லும் எருது பூட்டிய தேர், பாகனோடு. நடந்து வந்தவன் நடந்து திரும்பவேண்டியதில்லை. அந்த யாழோ பின்னாளில் வழக்கொழிந்து, எப்படி இருந்தது என்பதே ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டது. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அதன் இலக்கணத்தை மீட்டெடுக்க நெடுங்காலம் உழைத்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றியபோது, சங்கப் பாட்டுகளில் பொதிந்திருந்த இத்தகைய வருணனைகளே அவருக்குச் சாட்சியாக நின்றன.

சென்ற மாசி மாதத்து விடியலில் மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பாதி தூரம் நடையும் மீதி தூரம் டவுன் பஸ்ஸுமாகக் கிடங்கல் வந்து சேர்ந்தேன். அந்தப் பாதியிலேயே விறலியருடைய அடிக்கு நாயின் நாக்கை உவமை சொன்ன புலவர் மிகைப்படுத்தவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. கிடங்கு என்றால் அகழி; பெயர் நிற்கிறது, வாயில் இல்லை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய புலவர் மூவர் உளர் என்பது அங்கே வீடு கட்டிக் குடியிருப்போரில் எத்தனை பேருக்குத் தெரியுமோ அறியேன். புளியைக் குறிக்கும் திந்திரிணி என்ற சொல்லால் பெயர்பெற்ற திந்திரிணீசுவரர் கோயிலில் மணி அடித்தது. அதைக் கேட்டதும், வேலூரில் எயினப்பெண் இட்ட புளிச்சோறுதான் என் நினைவுக்கு வந்தது.

மறுநாள் விழுப்புரம் போய், அதற்குத் தென்மேற்கே பெண்ணையாற்றின் தென்பால் உள்ள திருவெண்ணெய்நல்லூருக்குச் சென்றேன். ஏனெனில் இப்பிரதேசத்துக்கு உரிய இரண்டாவது நடை அங்கேதான் முடிகிறது. திருநாவலூரில் பிறந்த நம்பியாரூரர் புத்தூரில் மணக்கோலத்தில் இருந்தபோது, கிழவேதியர் ஒருவர் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்று ஓலை காட்ட, இவர் அதைப் பிடுங்கிக் கிழிக்க, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்று அவர் முன்னே நடக்க, காந்தத்தின் பின்னே இரும்பு போவதைப் போல இவர் பின்தொடர்ந்தார் என்பது சேக்கிழார் தரும் வரலாறு. அந்த வழிகாட்டி உணவும் சொல்லவில்லை, ஊரும் வருணிக்கவில்லை. வழக்கு ஒன்றைத் தொடுத்துவிட்டு நடந்தார், அவ்வளவே. அவையிலே தீர்ப்பும் பெற்று, உமது வீடு எது என்று ஊரார் கேட்டபோது, அருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைந்தார். அதன் பிறகு பாடு என்ற கட்டளையும், என்னவென்று பாடுவேன் என்ற திகைப்பும், என்னைப் பித்தன் என்றாயே, அதையே வைத்துப் பாடு என்ற விடையும். புறப்பட்டபோது அவர் மணமகன்; வந்து சேர்ந்தபோது பாடகர். இந்தளப் பண்ணில் அமைந்த அந்த முதற் பதிகத்தை இன்றைய ஓதுவார்கள் மாயாமாளவகௌளையில் பாடக் கேட்கலாம். ஏழாந் திருமுறையின் நூறு பதிகங்களுக்கும் தொடக்கம் அந்த நடைதான்.

இந்த இரண்டு நடைகளுக்கும் இடையே நூற்றாண்டுகள் பல கிடந்தாலும் இழை அறுந்துபோகவில்லை. தேவாரப் பண்கள் மறைந்துபோனபோது அவற்றை மீட்டு அமைத்துக் கொடுத்தவள் விருத்தாசலத்தை அடுத்த எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணருடைய மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. கிடங்கிலுக்கு யாழோடு நடந்த குலம், கோயில் வாசலிலும் யாழோடு வந்து நின்றது.

தீர்ப்புச் சொல்லவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். இக்காலத்து வழிகாட்டி, தேதியிலும் இலக்கத்திலும் தவறாதவர். ரசிகரை வித்வான் இல்லாத வீட்டுக்கு அழைத்துப் போகிறார். சிறுபாணனுடைய வழிகாட்டி, புகழ்ச்சியில் எல்லை மீறுகிறவன்; வித்வானையே சோறு இருக்கும் வீட்டுக்கு அனுப்புகிறான். அருட்டுறையாரோ பாடத் தெரியாதவனை நடத்திக்கொண்டு போய்ப் பாடவைத்துவிட்டார். அவரை நம்முடைய மதிப்பெண்ணுக்குள் அடக்குவது முறையாகாது. மற்ற இருவருள் என் வாக்கு பாணனுக்கே.

ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. அந்த ஆற்றுப்படையிலே பாடியவர் பெயர் தெரியும், பரிசளித்த மன்னன் பெயர் தெரியும், ஊர்களின் பெயர்கள் தெரியும். அனுப்பிய பாணனுடைய பெயரும், போன பாணனுடைய பெயரும், குப்பைக்கீரை கிள்ளிய அந்தப் பெண்ணின் பெயரும் எங்கும் இல்லை. அவர்கள் குடியிருந்த வீட்டைக் காட்டச் சொன்னால் எந்த வழிகாட்டியாலும் காட்ட முடியாது. ஆனால் அவர்கள் எந்த ஊரில் என்ன உண்டார்கள் என்பதும், அதற்கு முந்திய நாள் உப்பில்லாமல் உண்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.