மடியில் தூங்குற பிள்ளை

ரவிவர்மா 1893இல் எழுதிய 'ஜிப்சிகள்' எண்ணெய் ஓவியம் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா கலைக்கூடத்தில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்திருக்கும் நாடோடிப் பெண், கையில் தந்தி வாத்தியம், மடியில் தூங்கும் பிள்ளை. 'வறுமையைக் கருணையோடு தீட்டிய படம்' என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். எம்.ஏ. படிக்கும்போது நானும் அப்படித்தான் எழுதி மார்க் வாங்கினேன். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

அந்த வருஷம் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போன அவருடைய பத்துப் படங்களில் இதுவும் ஒன்று. 'அதோ அப்பா வருகிறார்' இன்னொன்று. அதில் நிற்பவர் ஓவியரின் மகள் மகாபிரபா. கையில் இருப்பது பேரன் மார்த்தாண்ட வர்மா. மருமக்கள்தாயக் குடும்பத்துக்குள் தகப்பன் அதிகாரம் நுழைவதை அதில் வாசித்து ஆய்வாளர்கள் நிறையவே எழுதியாயிற்று. அந்தப் பிள்ளைக்குப் பேர் இருக்கு, தாத்தா இருக்கார், வரப்போகிற அப்பா இருக்கார், காலடியில் நாய்கூட இருக்கு. மடியில் தூங்குற பிள்ளைக்கோ வெறும் கூட்டப்பேர். அதுவும் ஐரோப்பாக்காரன் தன் ஊர் நாடோடிகளை எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தப்பாக நினைத்து வைத்த பேர்! சிகாகோ நடுவர்கள் இந்தப் படங்களின் இனவரைவியல் மதிப்பைத்தான் மெச்சினார்கள். கலைக்குப் பரிசா, காட்சிப்பொருளுக்குப் பரிசா?

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு வெட்டுக்குப் போன எங்கம்மா, வேப்பமரத்துல பழம்புடவையால ஏணை கட்டி என்னைப் போட்டுட்டுத்தான் கத்தியை எடுப்பாங்களாம். சோகை உரிக்கிற சத்தத்துலயே தூங்கிடுவேனாம். நம்ம சனங்களோட பிள்ளைங்க தூங்குற எடம் தாய் வேலை செய்யிற எடம்தான். இந்தப் புத்தியோட படத்தைப் பார்த்தா, அவள் விரல் தந்தியில இருக்கிறது கண்ணுல படுது. அவள் பிச்சைக்காரி இல்லை, வேலையில இருக்கிறவள். ரவிவர்மாவின் தூரிகை அதை மறைக்கவில்லை. அந்தளவுக்கு அவர் கை நேர்மையான கை. 'வறுமை' என்று சொல்லி உழைப்பை அழித்தது நம்ம விமர்சகர்கள்தான். கருணை காட்டுகிறவனுக்குக் கூலியைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமில்லை பாருங்கள்.

கல்வராயன் மலையில, வெள்ளிமலைக்கு ஒரு கூட்டத்துக்குப் போனப்போ, இந்தப் படத்தின் அச்சுப்பிரதி பையில் இருந்தது. பெண்களிடம் காட்டினேன். யாரும் 'ஐயோ பாவம்' என்று சொல்லவில்லை. முதுகுல பிள்ளையைக் கட்டியிருந்த ஒரு அக்கா ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"தொடை மரத்துப் போயிருக்கும் இவளுக்கு. அசைஞ்சா முழிச்சிக்கும், முழிச்சிக்கிட்டா பொழப்பு கெட்டுடும்" என்றார்கள். நூறு வருஷ ஓவிய விமர்சனத்தில் நான் படிக்காத வரி இது.

பக்கத்துல இருந்த வயசான ஆயா படத்தை வாங்கி, கண்ணுகிட்ட வச்சுப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "இம்மா நேரம் அசையாம ஒக்காந்திருக்காளே, எழுதுனவரு என்னா கூலி குடுத்தாரு சாமி?"