புகழேடும் கணக்கேடும்

இடைத்தேர்தல் வந்துவிட்டால் ஆளுங்கட்சி வேட்பாளர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். தலைவரின் ஆட்சிச் சாதனைகளைத் தலைமேல் சுமந்து செல்வதா, தொகுதிச் செய்திகளோடு நின்றுவிடுவதா? சுமக்கத்தான் வேண்டும் என்கிறோம் நாம். தலைவர் பெயரால் வாக்குக் கேட்பவர், அவரது ஆட்சிக்கும் பொறுப்பேற்றவராகிறார். ஆனால் எதைச் சுமப்பது? புகழேட்டை மட்டுமா, கணக்கேட்டையும் சேர்த்தா? மதுரையும் அதன் அண்டைச் சீமையும் இதற்கு விடை கூறியிருக்கின்றன.

காமராசரின் சாதனை சிறிதென்று அவரை எதிர்த்தோரும் கூறார். ஊர்தோறும் பள்ளிகள், 1956இல் மதிய உணவு, 1959இல் வைகை அணை. எனினும் 1967 பொதுத்தேர்தலில் விருதுநகரில் அவர் தோற்றார். வென்றவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், வேறுபாடு 1,285 வாக்குகள். பள்ளியையும் அணையையும் மக்கள் மறந்தா போயினர்? இல்லை! அரிசி எங்கே என்று கேட்டனர். இந்தி எதற்கு என்று கேட்டனர். அந்தக் கேள்விகளுக்குப் பழைய பெருமை விடையாகவில்லை.

அன்று பாடம் புகட்டியவர்கள் தி.மு. கழகத்தார். ஆறே ஆண்டுகளில் அதே பாடம் அவர்கள் வாயிற்கதவைத் தட்டிற்று. 1973 மே திங்களில், அந்நாள் மதுரை மாவட்டத்திலிருந்த திண்டுக்கல்லில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். 1971இல் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 184ஐ வென்ற கட்சி, கலைஞர் முதலமைச்சர். சாதனைக்குப் பஞ்சமா? நில உச்சவரம்பு 15 ஏக்கராகக் குறைந்தது. குடிசை மாற்று வாரியம் பிறந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிற்று. பகுத்தறிவாளர் மார்தட்டிக்கொள்ளத் தக்க பட்டியல்!

ஆனால் அதே ஆட்சியின் ஏட்டில் 1971இல் மதுவிலக்கை விலக்கியதும் எழுதப்பட்டிருந்தது. 1972 அக்டோபரில் கட்சிக்குள்ளேயே கணக்குக் கேட்ட எம்.ஜி.ஆர். வெளியேற்றப்பட்டதும் எழுதப்பட்டிருந்தது. முடிவு? பிறந்து எட்டுத் திங்களும் நிறையாத அண்ணா தி.மு. கழகத்தின் மாயத்தேவர், இரட்டை இலைச் சின்னத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாமிடம், ஆளுங்கட்சி மூன்றாமிடம்! அதன் பின்னர், 1974க்குள் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. தேர்தலுக்கு முன் கூற வேண்டிய விடையைத் தோல்விக்குப் பின் கூறி என்ன பயன்?

தேறிய பாடங்களை மட்டும் மடித்துக் காட்டும் மாணவனிடம், மடிப்பைப் பிரி என்றுதான் ஆசிரியர் கூறுவார். வாக்காளரும் அதையே கூறுகின்றனர்.

2009 சனவரியில் திருமங்கலத்தில் நேர்ந்தது வேறு வகை. ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி தந்த ஆட்சி, எடுத்துரைக்கத் தக்க சாதனையோடு களம் புகுந்தது. 39,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வெற்றியும் கண்டது. ஆனால் நாடு பேசியது அரிசியையா? பணம் பாய்ந்தது என்ற குற்றச்சாட்டையே பேசிற்று. ‘திருமங்கலம் சூத்திரம்’ என்ற சொல் நிலைத்தது. சாதனையின் பெயர் மறைந்தது. 2011இல் ஆட்சியும் கைமாறிற்று. தன் நற்செயலைத் தானே நம்பாதவரை மற்றவர் எப்படி நம்புவர்?

குறையை நாமே கூறினால் எதிரியின் கையில் வாள் கொடுத்ததாகாதா என்று தோழர்கள் கேட்கலாம். ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அறிஞர் அண்ணா. கனவு எது, கைக்கெட்டுவது எது என்று மக்களிடம் பிரித்துக் கூறிய முழக்கம் அது. அதனால் அவர் வீழ்ந்தாரா? 1967இல் கோட்டைக்குச் சென்றார்!

தலைவரைத் தெய்வமாக்கிப் படத்தை மட்டும் தூக்கிச் செல்வது பகுத்தறிவாளர் வழியன்று. அடுத்த இடைத்தேர்தலுக்குத் துண்டறிக்கை அச்சிடும் இளைஞர்கள் அதை இரு பத்தியாகப் பிரிக்கட்டும். இடப்பக்கம், செய்தவை, வலப்பக்கம், செய்யாதவை, அவற்றின் காரணம், முடிக்கும் காலம். அந்தத் தாளோடு தெருத்தெருவாகச் செல்லட்டும். வலப்பக்கத்தைப் படித்துக் காட்டும் துணிவு உடையவர் கூறும்போதுதான் இடப்பக்கத்தை ஊர் நம்பும்.