அரசன் அவதாரமா?

நல்லாட்சி நடத்திய மன்னனை நாடு போற்றுவது முறை. ஆனால், அவன் நல்லவனாக நடந்தமைக்குக் காரணம் அவன் நெஞ்சம் அன்று, அவனாக வந்து பிறந்த தெய்வமே என்று புலவன் பாடினால், அது போற்றுதலா, பறித்தலா? காசுமீரத்தை 1420 முதல் 1470 வரை ஆண்ட சுல்தான் சைனுல் ஆபிதீனின் வரலாற்றைப் படிப்போர் உள்ளத்தில் இக்கேள்வி எழாமற் போகாது.

அவ்வரலாற்றை வடமொழியில் வடித்தவர் அவனுடைய அவைப்புலவர் சோனராசர். 12ஆம் நூற்றாண்டில் கல்கணர் விட்ட இடத்திலிருந்து இராசதரங்கிணியைத் தொடர்ந்து, 1459இல் மறையும்வரை எழுதினார். அவருக்குப்பின் அவர் மாணவர் சிரீவரர் எழுதுகோல் ஏந்தினார்.

சோனராசரின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். சைனுல் ஆபிதீனின் தந்தை சிக்கந்தர் காலத்தில் (1389–1413) கோயில்கள் இடிக்கப்பட்டன, மக்கள் வாட்டப்பட்டனர். அதைக் கூறும் புலவர், அரசனைவிட அமைச்சன் சுகபட்டன் மீதே பெரும்பழியைச் சுமத்துகிறார். அந்த அமைச்சன் யார்? பார்ப்பனனாகப் பிறந்து இசுலாத்தைத் தழுவியவன்! நேற்றுவரை தன் சுற்றமாயிருந்தோரையே இன்று சுட்டெரித்தான். மதவெறி எந்த ஒரு மதத்தின் தனியுடைமையும் அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மகன் வந்தான், மாற்றம் வந்தது. மன்னனுக்கு வந்த கொடிய கட்டியைச் சிரீபட்டர் என்னும் மருத்துவர் ஆற்றினார். பொன்னும் பொருளும் அவர் வேண்டவில்லை. தம் மக்களின் துயர் துடைக்குமாறு வேண்டினார். ஜிசியா வரியின் சுமை இறங்கியது. ஊரைவிட்டு ஓடியோர் திரும்பினர். கால்வாய்கள் வெட்டப்பட்டன. பண்டங்களின் விலை செப்பேட்டில் பொறிக்கப்பட்டது. சமர்கந்தின் காகிதத் தொழிலும் நூற்கட்டுக் கலையும் காசுமீரத்தில் வேரூன்றின. மகாபாரதமும் இராசதரங்கிணியும் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டன.

இத்தனையும் மனிதன் மனிதனுக்குச் செய்த பணி. மருந்துக்கு நன்றி, அறிவுக்கு மதிப்பு, உழைப்புக்கு ஊக்கம்: இவையே அதன் வேர்கள். ஆனால் சோனராசர் செய்வதென்ன? மன்னனைத் திருமாலின் அவதாரமாக்குகிறார்! வேற்று மதத்து மன்னன் நல்லவனாக இருக்கிறானே, என்ன செய்வது? அவனைத் தம் புராணத்துக்குள் இழுத்துக்கொள்வது! இது பரந்த மனம் அன்று. பழகிப்போன பழைய வழி. மாற்றானின் மாண்பை மாண்பாகவே ஒப்புக்கொள்ள மனமின்றி, அதைத் தம் தெய்வத்தின் கணக்கில் வரவு வைக்கும் வழி.

இதனால் விளையும் கேட்டைச் சிரீவரர் ஏடே காட்டுகிறது. 1460இல் வந்த பஞ்சத்தை அவர் உருக்கமாக வரைகிறார். அங்கே அவதாரம் பசி தீர்க்கவில்லை. அரசன் சேர்த்துவைத்த நெல்தான் பசி தீர்த்தது. மன்னனின் முதுமையில் மைந்தர் மூவரும் அரியணைக்காகப் போரிட்டனர். 1470இல் அவன் மறைந்ததும், மதுவில் மூழ்கிய ஐதர்ஷா ஆட்சிக்கு வந்தான். அரை நூற்றாண்டு அமைதி ஆட்டங்கண்டது. நன்மை அவதாரத்தால் வருமெனில், அவதாரம் முடிந்ததும் அதுவும் முடியத்தானே வேண்டும்? தெய்வம் மீண்டும் இறங்கும்வரை மக்கள் காத்துக்கிடக்கவேண்டும் என்பதன்றோ அதன் பொருள்? சட்டத்தில் நிலைநாட்டப்பட்டு, மக்கள் உரிமையாய் வளர்ந்த நன்மையே ஒருவனோடு சாகாது நிற்கும்.

இன்னொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. இம்மன்னன் அவையில் காசுமீர மக்களின் தாய்மொழியிலும் நூல்கள் எழுந்தன. சோமர் என்பவர் அவன் வரலாற்றைப் பாடினார். யோதபட்டர் நாடகம் யாத்தார். சிரீவரர் குறித்துவைத்ததால் அவற்றின் பெயரை அறிகிறோம்; நூல்கள் நமக்குக் கிட்டவில்லை. பண்டிதர் மொழியில் எழுந்த ஏடு காக்கப்பட்டது. மக்கள் மொழியில் மலர்ந்தது மறைந்தது. அந்நாடகம் கிடைத்திருந்தால், அவதாரத்தைக் கண்டிருப்போமோ, ஆட்சியாளனைக் கண்டிருப்போமோ!

இராசதரங்கிணி என்றால் அரசர்களின் ஆறு என்று பொருள். படிக்கவேண்டிய நூல், பகுத்தறிந்து படிக்கவேண்டிய நூல். காசுமீரத்து மக்கள் அம்மன்னனை ‘பட்ஷா’, பேரரசன், என்றே வழங்கினர்; அவதாரம் என்று அழைக்கவில்லை. புலவர் தந்த பட்டத்தினும் பொதுமக்கள் தந்த பட்டமே பொருத்தமானது. அது அவனை மனிதனாகவே விட்டுவைத்தது. மற்றொரு மனிதனும் அவ்வாறு ஆளலாம் என்ற நம்பிக்கையையும் விட்டுவைத்தது.