சந்தியில் நிற்கும் நொதியம்

பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொரிஸ்மேட் ஞாபகம் வந்துவிடும். ஹல்துமுல்லையிலிருந்து மூச்சுவாங்கி ஏறி வரும் கொழும்புப் பாதை இங்கேதான் பிரிகிறது. ஒன்று ஹப்புத்தளை, பண்டாரவளை என்று பதுளைக்கு ஏறும். மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும். ரோட்டோரத்துத் தேயிலைச் செடியின் கொழுந்துக்குள்ளும் இப்படி ஒரு சந்தி இருக்கிறது. கொரிஸ்மேட் என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாதை டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்துக்குப் போக, இன்னொன்று பீனைலலனினுக்கும் டைரோசினுக்கும் போகிறது. மெல்பர்னில் அதைக் கண்டறிந்த ஃபிராங்க் கிப்சன், பிரிதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயருக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பாதையின் முடிவில் வரும் பொருளே தொடக்கத்து நொதியத்தை அடக்கும் பின்னூட்டல் நிரோதம் என்றதும் பலருக்கு அஸ்பார்ட்டேட் டிரான்ஸ்கார்பமைலேஸ்தான் வாயில் வரும். நல்ல நொதியம்தான். சீடீபிக்கு அடங்குவதும் ஏடீபிக்கு எழும்புவதும் பார்க்கப் பார்க்கச் சலிக்காது. 1956இல் அம்பார்கர் ஐசோலூசினை வைத்து அடக்கிக் காட்டிய திரியோனின் டீஅமினேசுக்கு மூத்தவர் என்ற மரியாதையும் உண்டு. ஆனாலும் என் மனசு, அந்தச் சந்தியில் நின்று பீனைலலனின், டைரோசின் பக்கம் திருப்பிவிடும் கொரிஸ்மேட் மியூட்டேசை விட்டு நகர்வதில்லை. துணைநொதியம் வேண்டாம், இரண்டாவது கீழ்ப்படை வேண்டாம். ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்து, வளைத்து, தானாக நடந்தால் எடுக்கும் நேரத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கில் வேலையை முடித்துவிடும். அவ்வளவு வேகம் உள்ளது, பீனைலலனினோ டைரோசினோ சேர்ந்துவிட்டால் அடங்கிப்போகிறது. அடுத்த பாதையில் டிரிப்டோபேன் நிறைந்துவிட்டால் மறுபடி சுறுசுறுப்பாகிறது. தன் பிள்ளையின் பேச்சைப் பல நொதியங்கள் கேட்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பேச்சையும் கேட்டு நடப்பதுதான் இதன் பெருமை.

ஈஸ்ட்டில் இருக்கும் மியூட்டேசின் படிக அமைப்பை ஹார்வர்டில் லிப்ஸ்கோம் குழுவினர் 1990களில் வெளியிட்டார்கள். உயிர்ப்பு மையத்துக்கு எட்டத்தில், இரண்டு உபஅலகுகள் சேரும் இடுக்கில் ஒரு குழி. டைரோசினும் டிரிப்டோபேனும் வந்து உட்காருவது அந்த ஒரே குழியில்தான். டைரோசின் உட்கார்ந்தால் நொதியம் இறுகும். சற்றே பெரிய டிரிப்டோபேன் உட்கார்ந்தால் இளகும். ஒரே நாற்காலி, உட்காருகிற ஆளைப் பொறுத்துத் தீர்ப்பு. அந்தப் படத்தை முதன்முதல் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இவ்வளவும் உயர்தர டியூசன் குறிப்பில் ஒரு வளைந்த அம்பாகச் சுருங்கிவிட்டது. கோட்டின் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஒரு அம்பு, பக்கத்தில் ஒரு கழித்தல் குறி, இரண்டு புள்ளி. எங்கள் காலத்தில் பாடம் சொன்ன ஒருவர் அந்த அம்பை வரைய ஒரு பாடவேளை முழுவதும் எடுத்துக்கொள்வார். எந்த அமிலம், எந்தக் குழி, அடங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே வரைவார்.

அடங்காவிட்டால் என்ன ஆகும் என்பதை மலையிலேயே பார்க்கலாம். கிளைபோசேட் களைக்கொல்லியை 2015இல் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். அந்த மருந்து கொரிஸ்மேட்டுக்கு ஒரு படி முன்னால் பாதையை அடைக்கிறது. கீழே எதுவும் போய்ச் சேராததால், பாதையின் வாசலில் நிற்கும் முதல் நொதியத்திடம் ‘போதும்’ என்று சொல்ல ஆளில்லை. அது பாட்டுக்கு வாரி இறைக்கிறது. களையின் இலை பட்டினியாலும் சாகிறது, பாதி வழியில் தேங்கி உள்ளே மலையாகக் குவிந்த சிக்கிமேட்டோடும் சாகிறது.

உயிருள்ள கொழுந்தில் அப்படி நடப்பதில்லை. ஓகஸ்டில் கச்சான் காற்று மேற்கு மலை தாண்டி வறண்டுபோய் இந்தப் பக்கம் இறங்கும்போது ஊவாக் கொழுந்தில் ஏறுகிறதே ஒரு குளிர்ந்த தைல வாசம், அது மெதைல் சலிசிலேட். சாயத்தையும் துவர்ப்பையும் தரும் கட்டெச்சின், பீனைலலனின் வழியில் வருவது. இரண்டுக்கும் மூலம் அந்தச் சந்திதான். நுவரெலியாத் தேயிலையின் மென்மையைப் புகழ்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் கச்சான் மாதத்து ஊவாத் தேத்தண்ணியை மூக்குக்கு அருகே கொண்டுபோனவர்கள் அவ்வளவு சீக்கிரம் வேறு கோப்பைக்குப் போகமாட்டார்கள்.

அம்மா பறித்த கொழுந்து எங்கே போகிறது என்று பார்க்க, சின்ன வயசில் ஒரு இரவு ஸ்டோருக்குள் போனேன். ரோலரில் நசுங்கிய இலைக்குள் அறைச் சுவரெல்லாம் உடைந்துவிடும். கட்டெச்சினும் அதைத் தொடக்கூடாது என்று தனியே வைத்திருந்த ஒட்சியேற்றும் நொதியமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்த நொதியத்துக்கு ‘போதும்’ சொல்ல இலைக்குள் இனி எவருமில்லை. விட்டால் தியாஃபிளேவினின் பளிச்சென்ற செம்மஞ்சளைத் தாண்டி மங்கி மண்ணாகிவிடும். டீமேக்கர் சிமெந்துத் தரையில் பரப்பிய குவியலில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் வைத்து இறுக்கி, விரித்து, முகர்ந்தார். பச்சை வாடை. திரும்பப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பிடி. மூன்றாவது பிடியில் இலை செம்புக் காசு நிறத்தில் இருந்தது. அவர் என் மூக்குக்கு நேரே கையை நீட்டினார். பழுத்த பழ வாசம். ட்ரையர் பக்கம் திரும்பி, “அள்ளுங்கடா” என்றார்.