தொகையில் மீண்ட இசை

அச்சொழிந்த நூலைத் தேடிப் பதிப்பிப்பது புலமைப் பணி என்பதை யாவரும் ஒப்புவர். விற்பனையொழிந்த இசைத்தட்டுகளைத் தேடித் தொகுப்பதும் அத்தகைய பணியே. எத்தியோப்பிய நாட்டு இசையைக் குறுந்தட்டுகளாகத் தொகுத்தளித்த 'எத்தியோப்பிக்ஸ்' வரிசை இதற்குச் சான்றாகும். அவ்வரிசையில் 1998இல் வெளிவந்த 4ஆம் தொகுதி, முலாட்டு அஸ்தாட்கே என்பாரின் வாத்திய இசைக்கு உரியது. அதன் நிறையும் குறையும் ஆராயத்தக்கவை.

இவ்விசை மறைந்தமைக்குக் காரணம் உண்டு. பேரரசர் ஹைலி செலாசியின் ஆட்சியில் இசைத்தட்டு வெளியிடும் உரிமை அரசு சார்ந்த நிறுவனத்திடமே இருந்தது. அம்ஹா எஷெட்டே என்னும் இளைஞர் 1969இல் அக்கட்டுப்பாட்டைத் துணிந்து மீறி, வெளிநாட்டில் தட்டுகளை அழுத்தி வரவழைத்து விற்றார். முலாட்டின் இசையும் அவர் வழியாகவே வெளிவந்தது. 1974இல் பேரரசர் வீழ்ந்தார். இராணுவம் ஆட்சிக்கு வந்தது. இரவு ஊரடங்கு இசையரங்குகளை நலிவித்தது. அம்ஹாவும் நாடு நீங்கினார். தட்டுகள் பழம்பொருளாயின.

பத்தாண்டுக்குப் பின், 1984இல், பிரெஞ்சுக்காரரான பிரான்சிஸ் ஃபால்செட்டோ, பாடகர் மஹ்மூத் அஹ்மதின் பழைய தட்டொன்றைக் கேட்டு வியந்தார். வியப்போடு நில்லாமல் அடிஸ் அபாபா நகருக்கே சென்று தேடினார். அத்தேடலின் பயனே 1997இல் தொடங்கிய இவ்வரிசை.

முலாட்டு 1943இல் பிறந்தவர். வேல்ஸ் நாட்டிலும் இலண்டனிலும் பாஸ்டன் நகரிலும் பயின்றவர். ஜாஸ் இசையைக் கற்றும் தம் நாட்டுப் பண்ணைக் கைவிடாதவர். எத்தியோப்பியப் பண்கள் பெரும்பாலும் ஐந்து சுரத்தால் ஆனவை. தமிழிசை நூலார் 'திறம்' எனக் கூறும் வகையை ஒத்தவை. 'தெசெட்டா' என்னும் பண்ணின் ஒரு வடிவம் நம் மோகனத்தின் சுரங்களையே கொண்டது. மற்றொரு வடிவில் காந்தாரமும் தைவதமும் தாழ்ந்து ஒலிக்கும். பன்னிரு சுரங்களை ஆளும் மேனாட்டு ஒத்திசையை இத்தகைய பண்ணுக்கு அடியில் வைத்தால், பண் கரைந்துபோகும் அபாயம் உண்டு. முலாட்டு ஒத்திசையைப் பண்ணுக்கு ஏவலாக்கினார், எசமானாக்கவில்லை. அவருடைய வெற்றி இதுவே.

இத்தொகுதியின் 'யெகெல்லே தெசெட்டா' இதனை நன்கு காட்டும். தெசெட்டா என்பது பண்ணின் பெயர் மட்டுமன்று. நினைவு, ஏக்கம் என்றும் பொருள்படும். மரபில் அது மெல்ல நடக்கும் பாட்டு. முலாட்டோ அவ்வேக்கத்தை ஃபங்க் தாளத்தின் மேல் ஏற்றி விரைந்து நடக்கச் செய்கிறார். பேஸ் கித்தாரும் முரசும் ஒரே நடையைத் திரும்பத் திரும்ப உறுதிப்படுத்த, அதன் மேல் சாக்ஸபோன் பண்ணின் எல்லைக்குள் நின்றே பேசுகிறது. கால் ஆடுகிறது, உள்ளம் ஏங்குகிறது. இரண்டையும் ஒருங்கே நிகழ்த்துவது எளிதன்று.

இனிக் குறை. இது வாத்திய இசைத் தொகுதி. பெரும்பாலும் சொல் இல்லை. அம்ஹாரிக் கவிதையில் 'மெழுகும் பொன்னும்' எனப்படும் மரபு ஒன்றுண்டு. வெளிப்படும் பொருள் மெழுகு. உள்ளுறையும் பொருள் பொன். நம் சிலேடையையும் உள்ளுறையையும் அறிந்தோர்க்கு இது விளங்கும். தெசெட்டாப் பாடல்களிலும் இம்மரபு வாழ்கிறது. ஆகவே 4ஆம் தொகுதியை மட்டும் கேட்பவர் பண்ணைப் பெறுவர், பாட்டைப் பெறார். 2005இல் ஜிம் ஜார்முஷ் இயக்கிய 'புரோக்கன் ஃபிளவர்ஸ்' திரைப்படத்தில் முலாட்டின் இசை ஒலித்து உலகப் புகழ் பெற்றபோதும், மேனாட்டார் பலர் கேட்டது சொல்லற்ற எத்தியோப்பியாவையே.

இக்குறைக்கு மருந்து அவ்வரிசையிலேயே உள்ளது. தெசெட்டாப் பாடல்களுக்கென்றே 10ஆம் தொகுதி அமைந்துள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதே முறை. பழைய தட்டுக் கடையில் 4ஆம் தொகுதி கைக்குக் கிடைத்தால், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் வாயிலாகக் கொள்ளல் வேண்டும். தொகுத்தவர் பெயரும் ஆண்டும் தேடிக் கொடுத்துள்ளார். அவற்றைப் பற்றிக்கொண்டு மூலத்தை நோக்கி நடப்பது கேட்பவர் கடன்.